பேசின் பிரிட்ஜுக்கு வடக்கே

"நம்ம பக்கம் இன்னா வெளையுது,
கொசுவத் தவிர?"
என்றாள் ஏகவல்லி,
போகிப் புகையில் கண்ணைக் கசக்கியபடி.
ஸ்டான்லியில் நைட் டூட்டி, கிளம்புகிற அவசரம்.
எனக்குப் பதில் வரவில்லை,
ரோஷம்தான் வந்தது.
காணும் பொங்கல் காலையில் உன் இலையில்
பேசின் பிரிட்ஜுக்குத் தெற்கே விளைந்த
ஒரு கறிவேப்பிலை இருந்தால்
என் பேரை மாத்திக்கிறேன் என்றேன்.
"நல்ல பேரா வையி"
என்று டிபன் பாக்ஸை மூடினாள்.

அரிசி சுலபம்.
யார்டில் என்னோடு கன்டெய்னர் கட்டுகிற டில்லிபாபுவுக்கு
பொன்னேரியில் மச்சான், மச்சானுக்கு அரைக் காணி.
அவரைக்காய்
மாதவரத்தில் ஒரு கம்பெனி காம்பவுண்டில் தொங்கியது.
வாட்ச்மேனைக் கேட்டேன்.
"சொவரு ஓனருது. கொடி யாருதுன்னு தெரியல.
பறிச்சிக்கோ."
மொட்டை மாடி பெயின்ட் டப்பாவில்
பரங்கிக்காய் இரண்டு காய்த்திருந்தது.
ஒன்றை அணில் முடித்துவிட்டது.

அத்திப்பட்டு உப்பளத்தில்
போன வருசக் குவியலின் ஓலையை விலக்கி
ஒரு கை அள்ளித் தந்தவர்
காசு வாங்கவில்லை.
லாரி கணக்குதான் அவருக்குத் தெரியுமாம்,
கை கணக்கு தெரியாதாம்.

எண்ணூரில் கழுத்தளவுத் தண்ணீரில்
பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு
சேற்றைத் தடவிக்கொண்டிருந்தார்கள் இரண்டு பேர்.
முதுகுக்குப் பின்னால் புகைபோக்கிகள்.
கரையேற ஒன்றரை மணி நேரம்.
"இவ்ளோதாண்ணே, எண்ணிக்கோ."
எண்ணினேன்.
முப்பத்தொரு இறால்.

கொருக்குப்பேட்டை தண்டவாளத்து ஓரம்
தேசம்மாவின் கீரைப் பாத்தி.
என்ன தண்ணி ஊத்துறே என்று
கேட்டிருக்கக் கூடாது.
நிமிர்ந்து பார்த்தாள்.
"நீ குடிக்கிறியே லாரித் தண்ணி,
அதையா ஊத்த முடியும்?"
கூட்ஸ் வண்டி ஒன்று போய் முடிகிறவரை
இருவரும் பேசவில்லை.
இரண்டு கட்டு வாங்கினேன்.
மூன்றாவதை அவளே திணித்தாள்.

முதல் அலசலில் தண்ணீர் டீ நிறம்.
இரண்டாவதில் கொஞ்சம் பால் ஊற்றிய டீ.
மஞ்சள் போட்டு, உப்புப் போட்டு
ஐந்து முறை.
இறாலுக்கும் அப்படித்தான்:
முதுகைக் கீறி, கறுப்பு நரம்பை
ஊசியால் இழுத்து இழுத்து
விடியற்காலை நாலு மணி ஆகிவிட்டது.

மிளகாய்த்தூள் ஆந்திரா.
அதுவும் வடக்குதானே, சொன்ன சொல் தப்பவில்லை.
புளி கார்ப்பரேஷன் ஸ்கூல் மரத்துது, பசங்கள் உலுக்கியது,
இன்னும் அரைக்காய்.
குழம்பு அதனால் கொஞ்சம் முரட்டுப் புளிப்பு.
எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பி
ஊர் பேர் பார்க்காமல் ஊற்றினேன்.

எட்டரைக்கு வந்தாள்.
முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு
வெகுநேரம் கழுவினாள்.
தெருவே குடும்பம் குடும்பமாய்
பீச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது.
இலை முன்னால் உட்கார்ந்து
போலீஸ் மாதிரி ஒவ்வொன்றாய் விசாரித்தாள்.
அரிசி? பாஸ்.
அவரை? சிரித்தாள்.
இறால் எட்டு வைத்தேன், மூன்றை என் பக்கம் தள்ளினாள்.
கீரையில் விரல் நின்றது.

"தண்டவாளத்துக் கீரையா?"
"அஞ்சு தபா கழுவினேன்."
"வார்டுல நான் கழுவுறதுக்குக் கணக்கே இல்ல.
இந்தக் கைய நம்பித்தான துன்றோம்."
சோற்றோடு பிசைந்தாள்.
வழித்துச் சாப்பிட்டாள்.
இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள்.
நான் ஜெயித்தேனா என்று
அப்போது கேட்கத் தோன்றவில்லை.

இலையை மடிக்கப் போனவள்
இடது கையால் தோளில் ஒரு அடி அடித்தாள்.
உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்:
நசுங்கிய கொசு,
அதில் அவள் ரத்தமோ என் ரத்தமோ.

"இதான் சுத்தமான நம்ம ஊரு.
கணக்குல சேத்துக்கோ."